ஒரு லிட்டர் தண்ணீரும் இரண்டு நிமிடமும்

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கதையும் கூடவே வைத்திருந்த கடிதமும் கிடைத்தன. கதைக்குப் பதில் எழுதலாம் என்று உட்கார்ந்தால் கடிதத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்கள் கேட்டிருப்பதை ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் தெலுக் இந்தானிலும் எத்தனையோ பிள்ளைகள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அதனால் உங்கள் பெயரையும் வேலை செய்யும் இடத்தையும் விட்டுவிட்டு, எல்லாரும் படிக்கும்படியாகவே எழுதுகிறேன். நீங்கள் வருத்தப்பட மாட்டீர்கள் என்ற நம்பிக்கை இருக்கிறது.

“தோட்டமும் போய்விட்டது, பாட்டியும் போய்விட்டார், இனி எழுத என்னிடம் என்ன இருக்கிறது டீச்சர்?” என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு நாலு வரி முன்னால், போகிறபோக்கில் ஒரு செய்தி சொல்கிறீர்கள். நீங்கள் ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் தர ஆய்வுப் பிரிவில் இருக்கிறீர்கள். கையுறைக்குள் ஒரு லிட்டர் தண்ணீரை ஊற்றித் தொங்கவிட்டு, இரண்டு நிமிடம் ஒழுகுகிறதா என்று பார்ப்பது உங்கள் வேலை. “அதனால் மூளை மரத்துப்போகிறது” என்று அந்தப் பத்தியை முடித்துவிட்டீர்கள்.

எனக்கு அந்த இடத்தைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. பாட்டி ரப்பர் மரத்தில் கட்டிய மங்கில் பாலைச் சேர்த்தார். பேத்தி அதே பாலில் செய்த கையுறைக்குள் தண்ணீர் ஊற்றி ஓட்டை தேடுகிறார். இதை நான் தமிழில் இதுவரை எங்கும் படித்ததில்லை. நீங்களோ எழுத ஒன்றுமில்லை என்கிறீர்கள்!

அதைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் உங்கள் கதை.

பாட்டியின் கதையை அன்போடு எழுதியிருக்கிறீர்கள், சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பாட்டிக்குக் கதையில் கைகளே இல்லை. முதல் பக்கத்தில் அழுகிறார், நடுவில் அழுகிறார், கடைசியில் கண்ணீரோடு கண்ணை மூடுகிறார். இடையில் “தன் இரத்தத்தைப் பாலாக்கிக் கொடுத்தாள்” என்று ஒரு வரி. இந்த வரியை நம் பள்ளிப் பேச்சுப்போட்டியில் கேட்டிருக்கிறேன், தீபாவளி மலரில் கேட்டிருக்கிறேன், தலைவர்கள் மேடையில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அது யாருடைய பாட்டிக்கும் பொருந்தும். அதனாலேயே உங்கள் பாட்டிக்குப் பொருந்தாது.

என் அம்மாவும் பால் வெட்டியவர்தான். பள்ளி விடுமுறையில் அவரோடு மர நிரைக்குப் போயிருக்கிறேன். விடியும் முன்பே பெரட்டு, ஆள் கணக்கெடுப்பு. குளிர் இருக்கும்போது பால் நன்றாக இறங்கும், வெயில் ஏற ஏறக் குறைந்துவிடும். அந்த அவசரத்துக்குக் காரணம் அதுதான், துரையின் அதட்டல் மட்டுமல்ல. மரத்தண்டை போனதும் அம்மா கத்தியை எடுக்க மாட்டார். முந்திய வெட்டின் கோட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை ஒரு முனையில் நகத்தால் கிளப்பி, அறுந்துபோகாமல் நாடாபோல் உரித்து இடுப்புப் பைக்குள் போடுவார். அதற்கும் தனிக் காசு உண்டு. பிறகுதான் வெட்டு. மேலிருந்து சரிவாகக் கீழே, மெல்லிய சீவல். ஆழம் போதாவிட்டால் பால் வராது. கொஞ்சம் கூடிவிட்டால் மரத்தில் காயம் பட்டு, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். மேற்பார்வை பார்க்கும் தண்டல் வந்து பார்த்தால் திட்டு. அந்த மயிரிழையை இருட்டில், நெற்றி விளக்கின் வெளிச்சத்தில், நூற்றுக்கணக்கான மரங்களில் ஒரே மாதிரி பிடித்தவர்கள் நம் வீட்டுப் பெண்கள். மழை வந்தால் அன்றைய பாடு போச்சு. வராவிட்டால் மறுபடி முதல் மரத்திலிருந்து மங்கு மங்காக வாளியில் ஊற்றி, தோளில் காண்டாக் கம்பில் தூக்கி, ஸ்டோருக்கு நடை.

இது திறமை. உழைப்பு என்று சொல்லிப் பரிதாபப்படுகிறோம், திறமை என்று சொல்ல ஏனோ நமக்குத் தோன்றுவதில்லை. உங்கள் பாட்டி எந்தக் கையால் வெட்டினார்? காயம் படாமல் வெட்டுபவர் என்று பேர் வாங்கினாரா, அல்லது அவசரக்காரரா? ஒட்டுப்பால் காசை யாருக்கும் தெரியாமல் எதில் முடிந்து வைத்தார்? இவற்றில் ஒன்றுக்காவது பதில் கதையில் இருந்திருந்தால், அவர் ஒருமுறைகூட அழ வேண்டியிருந்திருக்காது.

இன்னொரு வரியையும் குறித்து வைத்திருக்கிறேன். “அவசர காலத்தில் சொல்லொணாத் துன்பம் அடைந்தாள்.” உங்கள் பாட்டி சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர் என்கிறீர்கள். 1948 ஜூன் 16-ஆம் தேதி அந்த வட்டாரத்தில்தான் எல்பில் தோட்டத்திலும் இன்னொரு தோட்டத்திலுமாக மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மலாயா நாடே அவசர காலத்துக்குள் போனது, 1960 வரை. அந்த ஆண்டுகளில், காட்டிலிருந்த கம்யூனிஸ்டுப் போராளிகளுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று கட்டுப்பாடு போட்ட இடங்களில், வேலைக்குப் போகிறவர் சமைத்த சோற்றைக்கூட எடுத்துக்கொண்டு வேலியைத் தாண்ட முடியாது; வாசலில் சோதனை. விடியற்காலையில் போனவர் திரும்பும்வரை என்ன சாப்பிட்டார்? கைக்குழந்தைக்காரி என்ன செய்தாள்? உங்கள் அம்மாவுக்கு இது கொஞ்சமாவது தெரிந்திருக்கும். கேட்டுப் பாருங்கள். சொல்ல முடியாத துன்பம் என்று எழுதினால் சொல்லாமல் தப்பித்துக்கொள்கிறோம் என்றுதான் எனக்குப் படுகிறது.

தோட்டத்தைப் பற்றி எழுதினால் நமக்கு ஒப்பாரிதான் முதலில் வருகிறது. அதற்கு ஒரு நீண்ட மரபு இருக்கிறது. பீஜித் தீவின் கரும்புத் தோட்டத்தில் வாடிய பெண்களைப் பற்றிப் பாரதி பாடினார். எழுபதுகளில் தமிழ்நாட்டு எழுத்தாளர் அகிலன் மலேசியாவுக்கு வந்து பார்த்துவிட்டுப் போய் ‘பால்மரக் காட்டினிலே’ நாவலை எழுதினார். வெளியில் நின்று நம்மைப் பார்த்தவர்கள் மனம் பதைத்தது. அந்தப் பதைப்புக்கு நான் கை கூப்புகிறேன். ஆனால் உள்ளே பிறந்தவர் அதே குரலில் பேசினால் அது இரவல் குரல். தொழிலாளர் லயத்து வாசலில் சண்டை போட்டவர்களும், கள்ளத்தனமாகக் காதலித்தவர்களும், கணக்கெழுதும் கிராணியை ஏமாற்றியவர்களும், சாமி வந்து ஆடியவர்களும் அந்தக் குரலில் அடங்க மாட்டார்கள். கெடாவைச் சேர்ந்த சீ. முத்துசாமியின் ‘மண்புழுக்கள்’ நாவலை எடுத்துப் பாருங்கள். தோட்டத்துச் சனங்கள் தங்கள் பேச்சோடும் வசையோடும் அதில் நடமாடுகிறார்கள். 2017-இல் தமிழ்நாட்டில் அவருக்கு விஷ்ணுபுரம் விருது கொடுத்தார்கள். அங்குள்ளவர்கள் தேடிப் படித்த அளவுக்கு நம்மவர்கள் படித்தார்களா என்று எனக்குச் சந்தேகம்தான்.

படிப்பு என்றதும் உங்கள் அடுத்த கேள்வி நினைவுக்கு வருகிறது. “எங்கள் வீட்டில் புத்தகமே கிடையாது, படிக்காத குடும்பத்திலிருந்து வந்தவள் நான் எப்படி எழுதுவது?”

உங்கள் வீட்டில் புத்தகம் இல்லாமல் இருந்திருக்கலாம். உங்கள் பாட்டியின் லயத்தில் இருந்திருக்கும். பெரிய எழுத்து நல்லதங்காள் கதை, அல்லி அரசாணி மாலை, மதுரை வீரன் கதை என்று மலிவுத்தாளில் அச்சடித்த புத்தகங்கள் கப்பலேறி வந்து, தோட்டம் தோட்டமாகப் புழங்கின. எழுத்து தெரிந்தவர் ஒருவர் ராகம் போட்டுப் படிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். பத்திரிகையும் அப்படித்தான். தமிழ் நேசன் 1924-இல் தொடங்கியது, தமிழ் முரசு 1935-இல். ஒரு பிரதி வந்தால் வாத்தியாரோ, கிராணியோ, சங்கத்துக்காரரோ உரக்கப் படிப்பார். பத்துப் பதினைந்து பேர் அதைக் கேட்டு விவாதிப்பார்கள். கண்ணால் படித்தவர்களைவிடக் காதால் படித்தவர்கள் அதிகம். நம் வாசிப்புக்கு அதுதான் பிறந்த வீடு. படிக்காத குடும்பம் என்று சொல்லாதீர்கள்.

அந்தக் கேட்ட கூட்டத்திலிருந்து எழுதுகிறவர்கள் எப்படி வந்தார்கள் என்பதுதான் நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது. 1950-ஆம் ஆண்டு வாக்கில் தமிழ் நேசனில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ என்று ஒன்றை நடத்தினார்கள். வகுப்பறை கிடையாது, பத்திரிகைப் பக்கம்தான் வகுப்பு. சிறுகதை என்றால் என்ன, எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது என்று பாடம் வரும், பயிற்சி வரும். மலாயாவின் மூலைமுடுக்கிலிருந்து எழுதி அனுப்பினார்கள். எழுதியதை ஒருவர் உட்கார்ந்து படித்து, இது கதை, இது கதையாகவில்லை என்று சொன்னார். ஒரு தலைமுறை எழுத்தாளர்கள் அதில் உருவானார்கள். போர் முடிந்து ஐந்தே ஆண்டு. ஜப்பானியர் காலத்தில் சயாம் ரயில் பாதை வேலைக்குப் போன ஆண்கள் திரும்பாத வீடுகள் பல தோட்டங்களில் இருந்தன. அவசர காலத்தின் முள்வேலி வேறு. அந்த நிலையில் ஒரு தமிழ்ப் பத்திரிகை தன் பக்கத்தை ஒதுக்கி, முகம் தெரியாதவர்களுக்குக் கதை எழுதக் கற்றுக் கொடுத்திருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

பிறகு ஐம்பதுகளின் தொடக்கத்தில் எழுத்தாளர் கு. அழகிரிசாமி அதே தமிழ் நேசனில் பணியாற்றக் கோலாலம்பூர் வந்தார். 1957 வரை இருந்தார். இங்கே இலக்கிய வட்டம் அமைத்து எழுதுகிறவர்களோடு உட்கார்ந்து பேசினார். அவர் யார் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவல் கிராமத்துக்காரர். பெரிய படிப்பு கிடையாது, பத்திரப் பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்தவர். அதே ஊரில் அதே காலத்தில் பிறந்த இன்னொருவர் கி. ராஜநாராயணன். இரண்டு கிராமத்துப் பையன்கள் ஒருவருக்கொருவர் வாசகராக இருந்து, ஒருவருக்கொருவர் கடிதம் எழுதி எழுதித்தான் தமிழுக்கு இரண்டு பெரிய எழுத்தாளர்கள் கிடைத்தார்கள். உங்களுக்கு அழகிரிசாமி தூரத்து ஆள் இல்லை. நம் ஈப்போ புந்தோங்கில் கச்சாங் பூத்தே என்னும் கடலை, முறுக்கு வகைகளைச் செய்து விற்கிற குடும்பங்களில் பலருடைய முன்னோர் எட்டயபுரம் வட்டாரத்திலிருந்து வந்தவர்கள். பாரதியும் அழகிரிசாமியும் நடந்த அதே கரிசல் மண். அந்தக் கடைகளில் முறுக்கு வாங்கும்போது இது எனக்கு நினைவு வரும்.

இன்று நம்மிடம் குறைந்து போயிருப்பது அந்தத் திருத்துகிற கண்தான். எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். புத்தகங்கள் வருகின்றன. 1957-இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மூடப்பட்ட பிறகும் 520-க்கு மேல் நிற்கின்றன, அவற்றிலிருந்து ஆண்டுதோறும் தமிழ் படித்த பிள்ளைகள் வெளியே வருகிறார்கள். ஆனால் ஒரு கதையை வாங்கிப் படித்து, “மூன்றாவது பத்தியை எடுத்துவிடு, அங்கேதான் நீ பொய் சொல்கிறாய்” என்று சொல்ல ஆள் இல்லை. தமிழ் நேசன் 2019-இல் நின்றுபோனது. புத்தகம் வெளியிடுகிற சடங்கு மட்டும் வளர்ந்திருக்கிறது. மண்டபம், மாலை, பொன்னாடை, முதல் நூல் பெறுபவர், சிறப்பு நூல் பெறுபவர், உறையில் வைத்த பணம். அச்சுச் செலவு திரும்பி வரும், அதில் எனக்குக் குறை இல்லை. எழுத்தாளரும் சாப்பிட வேண்டும். அந்த மண்டபத்தைவிட்டு வெளியே போகும் நூறு பிரதிகளில் எத்தனை பிரிக்கப்படுகின்றன என்பதுதான் என் கவலை. பொன்னாடை போர்த்தப்பட்ட பல புத்தகங்களுக்கு ஒரு வரி விமர்சனம்கூட வந்ததில்லை. நம் நாட்டு எழுத்தாளர் ம. நவீனின் ‘பேய்ச்சி’ நாவலை 2020-இல் உள்துறை அமைச்சு தடை செய்தபோது எங்கும் அதே பேச்சு. ஆதரித்துப் பேசினார்கள், எதிர்த்தும் பேசினார்கள். முழுதாகப் படித்துவிட்டுப் பேசியவர்களை நான் தேட வேண்டியிருந்தது.

பாராட்டு உங்களுக்கும் சுலபமாகக் கிடைக்கும். உங்கள் கதையை அப்படியே எங்காவது அனுப்பினால் போட்டுவிடுவார்கள், நாலு பேர் “கண்ணீர் வந்தது” என்பார்கள். அதோடு உங்கள் எழுத்து அங்கேயே நின்றுவிடும் என்று பயப்படுகிறேன். அதனால்தான் இவ்வளவு கறாராக எழுதுகிறேன்.

அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’ கதையைத் தேடிப் படியுங்கள். ஏழைப் பிள்ளைகள், தீபாவளி, யாருமற்ற ஒரு சிறுவன், ஒரு தாய். ஒப்பாரிக்கு வேண்டிய எல்லாமே அதில் இருக்கிறது. ஆனால் அவர் அந்தப் பிள்ளைகளை விளையாட விடுகிறார், போட்டி போட விடுகிறார், அந்தத் தாயை வேலை செய்ய விடுகிறார். குளிப்பாட்டுவதும் உடுத்துவதும் பரிமாறுவதுமாகக் கதை நகர்கிறது. முதல் முறை கதைக்காகப் படியுங்கள். இரண்டாம் முறை பென்சிலோடு படியுங்கள். எங்கே உங்களுக்குத் தொண்டை அடைக்கிறதோ அங்கே கோடு போட்டுவிட்டு, அந்த இடத்தில் அவர் உண்மையில் என்ன எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். பெரும்பாலும் ஒரு பொருளின் பெயர் இருக்கும், அல்லது ஒரு செயல் இருக்கும். எழுதுகிறவர் படிக்க வேண்டிய படிப்பு இது. ஆண்டுக்கு ஐம்பது புத்தகம் படிப்பதை நான் கட்டாயப்படுத்த மாட்டேன். இப்படி ஐந்து கதை படித்தாலே நிறையத் தெரிந்துகொள்ளலாம்.

இப்போது உங்கள் தொழிற்சாலை.

அங்கே வரிசை வரிசையாகப் பீங்கான் கைகள் சங்கிலியில் வந்து பாலில் முங்கி எழுகின்றன என்று எழுதியிருந்தீர்கள். அந்த அமோனியா வாடை உங்களுக்குத் தலைவலி தருகிறது என்றும். பால் கட்டிவிடாமல் இருக்கத் தோட்டத்திலும் அமோனியாதான் விடுவார்கள். என் அம்மாவின் சேலையில் ஒட்டியிருந்த வாடையில் அதுவும் ஒன்று. உங்கள் பாட்டி வீட்டிலும் அது இருந்திருக்கும். ஆனால் இதை வைத்து உடனே பாட்டியை இழுத்து வந்து நெகிழ வைக்கும் வேலை வேண்டாம். தொழிற்சாலையை மட்டும் எழுதுங்கள். ஒரு லிட்டர் ஊற்றினால் கையுறை எப்படி உப்பித் தொங்கும்? விரல்கள் எந்தப் பக்கம் வளையும்? ஓட்டை பெரும்பாலும் எங்கே வரும், விரல் இடுக்கிலா, நுனியிலா? அந்த இரண்டு நிமிடமும் உங்கள் கண் எங்கே போகும், வாய் யாரோடு பேசும்? பக்கத்து மேசையில் நேப்பாளத்திலிருந்தோ வங்காளதேசத்திலிருந்தோ வந்தவர் இருந்தால், எந்த மொழியில் பேசிக்கொள்கிறீர்கள்? ஒரு நூற்றாண்டுக்கு முன் கப்பலேறி வந்த நம்மவர்களைப் போல அவரும் கடன்பட்டு வந்தவராக இருக்கலாம். அவர் வேலையைச் சரிபார்க்கும் இடத்தில் நீங்கள் இருக்கலாம். இது லேசான விஷயம் இல்லை. எண்ணிக்கைக்கு மேல் ஒழுகினால் அந்தத் தொகுதி முழுவதையும் நிறுத்த வேண்டும் என்கிறீர்கள். நிறுத்தச் சொல்லும் தாளில் கையெழுத்துப் போடும்போது மேலாளரின் முகம் எப்படி இருக்கும்? நிறுத்தியிருக்கிறீர்களா? நிறுத்த வேண்டிய நேரத்தில் நிறுத்தாமல் விட்ட ஒருவரைத் தெரியுமா? அங்கே ஒரு கதை இருக்கிறது தங்கச்சி. அதை எழுத இந்த நாட்டில் உங்களைவிடத் தகுதியானவர் யாரென்று எனக்குத் தெரியவில்லை.

நேரம் கிடைப்பதில்லை என்கிறீர்கள். ஷிஃப்டு வேலை, வீட்டு வேலை, தாமான் குடியிருப்பிலிருந்து பஸ் பயணம். எனக்குப் புரிகிறது. ஒரு நாளைக்கு அரைப்பக்கம் போதும், பஸ்ஸிலேயே எழுதுங்கள். கைப்பேசியில் எழுதினாலும் சரி. மனம் கூடி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். வேலைக்கு அப்படிக் காத்திருந்தா போகிறோம்?

இதையெல்லாம்விட முக்கியம், உங்களுக்கு ஒரு வாசகரைத் தேடிக்கொள்வது. நான் வயதானவள், எவ்வளவு நாள் பதில் போடுவேன் என்று சொல்ல முடியாது. உங்கள் வயதில், உங்களைப் போல எழுத ஆசைப்படுகிற ஒருவர் ஈப்போவில் கண்டிப்பாக இருப்பார். அவர் கதையை நீங்கள் படியுங்கள், உங்கள் கதையை அவர் படிக்கட்டும். மாதம் ஒருமுறை லகாட் சாலைப் பக்கம் ஏதாவது சாப்பாட்டுக் கடையில் உட்காருங்கள். உரக்கப் படித்துக் காட்டுங்கள். எந்த இடத்தில் கேட்கிறவரின் கண் தெருவுக்குப் போகிறதோ அந்த இடத்தை அடையாளம் செய்துகொள்ளுங்கள். “நல்லாயிருக்கு” என்பதைத் தவிர வேறு என்ன வேண்டுமானாலும் சொல்லலாம் என்று ஒப்பந்தம் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வலிக்கும். அந்த வலிக்குப் பிறகும் அடுத்த மாதம் அதே மேசைக்கு இருவரும் வந்துவிட்டால், உங்கள் இருவரைப் பற்றியும் எனக்குக் கவலை இல்லை.

உங்கள் கதையைப் பக்க ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்புகிறேன். சிவப்பு மை அதிகமாக இருக்கும், ஆசிரியை வேலை பார்த்த பழக்கம். பாட்டி மாலை நேரத்தில் வாசற்படியில் உட்கார்ந்து கத்தியைத் தீட்டுகிற அந்த நாலு வரியைச் சுற்றி மட்டும் வட்டம் போட்டிருக்கிறேன். அவை உங்களுடையவை, அங்கே யாருடைய குரலும் கலக்கவில்லை. அவற்றைத் தொடாதீர்கள். மற்றதை மறுபடி எழுதலாம், அவசரமில்லை. அதற்கு முன் தொழிற்சாலைக் கதை எனக்கு வேண்டும். வரிக்கு வரி இடம் விட்டு, தாளின் ஒரு பக்கம் மட்டும் அச்சடித்து அனுப்புங்கள். முடிவு கிடைக்காவிட்டால் முடிவில்லாமலே அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
ஈப்போ